வாயைத் திற: மதுரை மிஷன் வைத்தியமும் எச்சில் தீட்டும்

1

அப்பத்தாவுக்குக் கீழ்வரிசையில் இடது பக்கம் ஒரு கடவாய்ப்பல் கிடையாது. வெற்றிலை மெல்லும்போது நாக்கு அந்தப் பள்ளத்துக்குப் போய்ப் போய் வரும். "இது மிஷன் ஆஸ்பத்திரிப் பல்லு" என்று சொல்லும். இல்லாத பல்லுக்கு இருந்த பெயர் அது.

வெள்ளைக்காரன் ஆட்சி முடிந்த சமயம். பெரிய அத்தை கைக்குழந்தை. அப்பத்தாவுக்குக் கன்னம் வீங்கி ஒரு கண்ணையே மறைத்துவிட்டது. கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு வாயில் புகை பிடித்தார்கள், பல்லுப்பூச்சி விழும் என்று. கிராம்பை நசுக்கி வைத்தார்கள். எதற்கும் கேட்கவில்லை. பல் பிடுங்கத் தெரிந்தவர் ஊர் நாவிதர் ஒருவர்தான். அவர் சேரிக்கு வரமாட்டார். வந்தால் மறுநாள் ஊர்க்காரன் எவனும் அவர் முன்னால் தலையைக் கொடுக்க மாட்டான். அவருக்கும் வயிறு இருக்கிறதே! நாலாம் நாள் தாத்தா அப்பத்தாவை மதுரைக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போனார்.

அப்பத்தா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெள்ளக்காரரு வாயத் தொற வாயத் தொறங்குறாரு. நான் எங்க தொறக்க? பண்ணை வீட்டு முன்னால நின்னா வாயப் பொத்துன்னுதான சொல்லுவாக. பொறந்ததுல இருந்து பொத்திப் பொத்தி, தொறக்கச் சொன்னா வரமாட்டேங்குது. அப்பறம் கைய உள்ள விட்டாரு. எனக்கு வலி மறந்துபோச்சுடி. அய்யய்யோ, இவரு கையில நம்ம எச்சி படுதே, அடிக்கப் போறாருன்னு கண்ண மூடிக்கிட்டேன். முழிச்சுப் பாத்தா பல்லு தட்டுல கெடக்கு. அவரு பாட்டுக்குக் கைய கழுவிக்கிட்டு இருக்காரு."

இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது. அந்தக் கையைப் போற்றிப் பாட மிஷன் வரலாறுகள் இருக்கின்றன. மதம் மாற்ற வந்த கை என்று திட்டுவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் டாக்டரைப் பார்க்கிறது. நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த அப்பத்தாவைப் பார்ப்பதில்லை. அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதுதான் என் கேள்வி.

2

எம்.ஏ. தமிழ் படித்தபோது பல்லைப் பற்றி நிறையப் படித்தேன். முத்து என்றும் முல்லை அரும்பு என்றும் இரண்டாயிரம் வருஷமாகப் பாடியிருக்கிறார்கள். சொத்தைப் பல்லுக்கு இலக்கியத்தில் இடமில்லை. வாயில் ஊறும் எச்சிலுக்கோ இலக்கியத்தில் இல்லாத இடம் சாதியில் இருக்கிறது.

தீண்டாமை என்றால் தோலைத் தொடுவது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அனுபவம் வேறு மாதிரி. நம் கை நட்ட நாற்றும் நம் கை அறுத்த கதிரும் யாருக்கும் தீட்டாகவில்லை. வாய் பட்டால்தான் வருகிறது தீட்டு. டீக்கடையில் தனிக் குவளை எதற்கு? தண்ணீரை உயரத் தூக்கி நம் கையில் ஊற்றியது எதற்கு? எச்சிலுக்காக. 1936இல் அம்பேத்கர் எழுதிய 'சாதி ஒழிப்பு' பேஷ்வா ஆட்சிக்காலத்துப் பூனாவைக் காட்டுகிறது. தீண்டப்படாதவர் துப்பும் எச்சில் தரையில் விழக்கூடாது என்று அவர் கழுத்தில் மண்கலயம் கட்டித் தொங்கவிட்டார்கள். கலயம் மராட்டியத்தில், வாயைப் பொத்திய கை நம் ஊரில். பேசும்போது மூச்சுக்காற்றுகூட ஆண்டையின் மேல் படக்கூடாது.

இப்படிப்பட்ட நாட்டில் பல் வைத்தியம் என்பது சாமானியக் காரியமில்லை. நாடி பார்க்க மணிக்கட்டு போதும்; தீட்டுக்குப் பயந்தவன் அதையும் துணியைச் சுற்றிப் பார்த்துவிடலாம். பல்லைப் பிடுங்க வாய்க்குள் கை போயே ஆகவேண்டும். எச்சிலும் ரத்தமும் சீழும் விரலில் படும். சாதி எந்த இடத்தில் வேலி போட்டதோ, அந்த இடத்துக்குள்ளேயேதான் பல் பிடுங்குகிறவனின் கை வேலை செய்கிறது.

3

அந்தக் கை மதுரைக்கு வந்த வழியைப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் 1810இல் தொடங்கியது. முதலில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தார்கள். அங்கிருந்து 1834இல் மதுரைக்கு வந்தார்கள். கூடவே யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் வந்தார்கள். 1837இல் வந்த ஜான் ஸ்டீல் மதுரை மிஷனின் முதல் டாக்டர். ஐந்தே ஆண்டில், 1842இல், இங்கேயே இறந்துபோனார். நியூயார்க்கில் தொழில் நடத்திக்கொண்டிருந்த டாக்டர் ஜான் ஸ்கடர் அதை விட்டுவிட்டு 1819இலேயே யாழ்ப்பாணம் வந்தவர். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைச் சொல்வார்கள். 1847 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவரும் மதுரை மிஷனுக்கு வைத்தியம் பார்த்தார். 1859இல் வந்த எட்வர்ட் செஸ்டர் திண்டுக்கல்லில் மருந்தகம் நடத்தினார். உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியமும் கற்றுக்கொடுத்தார்.

இவர்களில் யாரும் தனியாகப் பல் டாக்டர் இல்லை. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரியே 1840இல்தான் பால்டிமோரில் தொடங்கியது. இந்தியாவில் ஆர்.அகமது கல்கத்தாவில் அதைத் தொடங்க 1920 ஆனது. சென்னைக்கு அரசுப் பல் மருத்துவக் கல்வி வந்தது 1953இல். அதுவரை மிஷன் டாக்டரே கண்ணுக்கும் வைத்தியர், பிரசவத்துக்கும் வைத்தியர், கடவாய்ப்பல்லுக்கும் வைத்தியர்.

ஒன்றையும் மறைக்கவேண்டாம். அவர்கள் வந்தது வேதத்தைப் பரப்ப. மருந்து அதற்கு வழி. மிஷன் மருந்தகங்களில் காத்திருக்கும் கூட்டத்துக்கு முதலில் பிரசங்கம், பிறகு மருந்து என்பது வழக்கமான ஏற்பாடு. இலவசம் என்பதற்கும் ஒரு விலை இருந்தது. ஆனால் அந்த விலையைப் பற்றி இன்று நம்மிடம் கவலைப்படுகிறவர்கள், அன்றைக்கு அப்பத்தாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து என்ன செய்தார்கள் என்று சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

4

வெள்ளைக்காரர் கை எச்சிலைத் தொட்டுவிட்டது. அத்தோடு சாதி ஒழிந்ததா?

1847ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்கடர் மதுரைக்கு வந்த அதே ஆண்டு. சபையில் இருக்கவேண்டுமானால் சாதியை விடவேண்டும் என்று மதுரை மிஷன் கண்டிப்பாகச் சொன்னது. விட்டதற்கு என்ன அடையாளம்? தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை வாங்கிச் சாப்பிட்டுக் காட்டவேண்டும். ஞானஸ்நானம் வாங்கிய தலைகள் ஒப்புக்கொண்டன, வாய்கள் ஒப்புக்கொள்ளவில்லை. உபதேசியார்கள் உள்படப் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். இயேசுவின் ரத்தம் என்று சொல்லித் திராட்சை ரசம் குடித்தவர்களால் சேரிப் பெண் வடித்த சோற்றைத் தொட முடியவில்லை.

மருந்திலும் இதே கதைதான். தண்ணீர் கலந்த மருந்தை மிஷன் ஆள் கையால் வாங்கிக் குடித்தால் தீட்டு என்று சாதி இந்துக்கள் மறுத்தார்கள். அவர்களுக்குத் தூளாகக் கொடுத்துவிட்டால் வீட்டுக்குப் போய்த் தங்கள் கிணற்றுத் தண்ணீரில் கலந்துகொள்வார்கள். ஆஸ்பத்திரியில் தங்கும் நோயாளிக்குச் சொந்தக்காரர்களே வந்து தனியாகச் சமைத்துக்கொள்ள இடமும் பல மிஷன் ஆஸ்பத்திரிகளில் உண்டு. நோய் தீரவேண்டும், தீட்டு போகக்கூடாது. வைத்தியன் இரண்டுக்கும் வசதி செய்து கொடுத்தான்.

வேலூர் ஆஸ்பத்திரியின் கதை ஊரறிந்தது. ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா, திண்டிவனத்தில் இருந்த ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். ஐடா டாக்டர் இல்லை. அவருடைய அப்பா டாக்டர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதனால்தான் ஐடா டாக்டரானார். 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். மனதை உலுக்கும் கதைதான். ஆனால் அந்த மூவர் யார்? பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், மேல்சாதி இந்து ஒருவர். அந்நிய ஆண் தொடக்கூடாது என்று தடுத்த வீடுகள். சேரிப் பெண்ணுக்குத் தொட வந்தவனைத் தடுக்கும் பிரச்சினை இல்லை. தொட ஒருவன் வருவானா என்பதுதான் பிரச்சினை. அந்த இரவில் சேரியிலும் ஒருத்தி செத்திருக்கலாம். அவள் புருஷன் எந்தக் கதவைத் தட்டியிருப்பான்?

5

1897 மதுரைச் சீமை வரலாற்றில் ஒரு விசித்திரமான ஆண்டு.

அந்த ஆண்டு மிஷன் டாக்டர் பிராங்க் வான் ஆலன் மதுரையில் ஆல்பர்ட் விக்டர் ஆஸ்பத்திரியைத் திறந்தார். இந்தியாவுக்குச் சுற்றுப்பயணம் வந்துபோன இங்கிலாந்து இளவரசரின் பெயர் அதற்கு. கட்டடத்துக்குப் பணம் அமெரிக்காவிலிருந்து வரவில்லை. இந்தச் சீமையின் ஜமீன்தார்களும் செல்வர்களும் கொடுத்தார்கள். இன்று கீழவெளி வீதியில் இருக்கும் கிறிஸ்டியன் மிஷன் ஆஸ்பத்திரியின் முன்கதை இது.

அதே 1897இல் கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் போனார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். 1899இல் மதுரை நீதிமன்றம் நாடார்களுக்குக் கோயிலில் உரிமையில்லை என்றது. கோயிலைச் சுத்தி செய்யும் செலவையும் அவர்கள் தலையில் கட்டியது. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே சொல்லிவிட்டது. நாடார்களுக்கே இந்தக் கதி. நம்மவர்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைய 1939 ஜூலை 8 வரை ஆனது. கக்கன் உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்டவர்களும் ஒரு நாடாரும் வைத்தியநாத ஐயரோடு அன்று உள்ளே போனார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்த வர்க்கமும் கோயிலுக்குக் காவல் நின்ற வர்க்கமும் ஒன்றுதான். இது முரண்பாடாகத் தோன்றும். யோசித்தால் இதில் முரண்பாடே இல்லை. ஆஸ்பத்திரியில் அவர்களுக்காக எச்சிலைத் தொடுவதற்கு வெளிநாட்டுக்காரன் இருந்தான். அவன் மிலேச்சன், சாதிக்கு வெளியே நிற்பவன். அவன் பறையன் வாயில் கை விட்டால் இவர்களுக்கு என்ன நட்டம்? சாதிக்கு வெளியிலிருந்து வந்த கை சாதியைத் தாண்டலாம். சாதிக்குள் இருக்கும் கை அதைச் செய்திருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும். ஊர் நாவிதருக்குக் கிடைக்காத அனுமதி வான் ஆலனுக்குக் கிடைத்ததற்குக் காரணம் இதுதான். அந்தக் கையின் கருணையை நான் மறுக்கவில்லை. அதன் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

6

இனிமேல்தான் முக்கியமான கேள்வி. வாயைத் தொட்டார்கள். கொறடை யார் கையில் கொடுத்தார்கள்?

மிஷன் சங்கத்தின் ஊரான பாஸ்டனுக்கும் பல் வைத்தியத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1846 அக்டோபரில் அங்கேதான் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் கொடுத்து ஒருவரை மயக்கிக் காட்டினார். வலியில்லாமல் கட்டி அறுக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சையின் வரலாறே அதன்பின் மாறியது. அதே பாஸ்டனில் ஹார்வர்டு பல் மருத்துவப் பள்ளியில் 1869இல் முதல் அணி பட்டம் பெற்றது. அதில் ஒருவர் ராபர்ட் டானர் ஃப்ரீமன். அடிமைகளாக இருந்த தாய்தகப்பனுக்குப் பிறந்தவர். வேறு கல்லூரிகள் கறுப்பர் என்று கதவைச் சாத்திய பிறகு அங்கே நுழைந்தவர். கறுப்பர் வாயைக் கறுப்பரே திறந்து பார்க்க, கொறடு கைமாறிய வருஷம் அது.

இங்கே கைமாறவே இல்லை என்று சொன்னால் பொய். மிஷன் பள்ளிகள் இல்லாவிட்டால் நம்மில் பல குடும்பங்களுக்கு எழுத்தே வந்திருக்காது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை வைத்தியராக்கினார். அதைவிடப் பெரிய காரியம், தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று ஆங்கில நூல்களைத் தமிழாக்கிக் கொடுத்தார். இங்கிலீஷ் தெரியாதவனும் கத்தி பிடிக்கலாம் என்று காட்டிய முயற்சி. அது நீடிக்கவில்லை. வைத்தியம் இங்கிலீஷுக்குப் போனது. இங்கிலீஷ் யார் வீட்டில் இருந்ததோ அந்த வீட்டுக்கு வைத்தியமும் போனது.

இன்னொரு கையும் உண்டு. பல்லைப் பிடுங்கியதும் அப்பத்தா ரத்தத்தைத் துப்பியிருக்கும். அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனது யார்? கழுவியது யார்? டாக்டர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, பணம் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. எச்சில் கிண்ணம் கழுவியவர் பெயரை எங்கே தேடுவது? டாக்டர் தொட்டால் அது சேவை. தோட்டி தொட்டால் அது பிறவித் தொழில். ஒரே எச்சில், ஒரே ரத்தம். ஒரு கைக்குப் புண்ணியம் சேர்கிறது, இன்னொரு கைக்குத் தீட்டு சேர்கிறது. ஆஸ்பத்திரிக்குள் சாதி நுழையவில்லை என்று பேசுகிறவர்கள் டாக்டர் அறையிலேயே நின்றுவிடுகிறார்கள். பின்கட்டுவரை போய்ப் பார்க்கவேண்டும்.

7

எல்லாம் பழங்கதை என்று விட்டுவிட முடிந்தால் நல்லது. முடியவில்லை.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் நம்மவர்கள் வராமல் இருக்கக் கட்டிய சுவரில் ஒரு வாசல் உடைக்க 2008 மே மாதம் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தேர்தலே பத்து வருஷம் நடக்கவிடவில்லை. எங்கள் வாய் இன்னும் சிலர் கண்ணுக்கு அதிகமாகத் திறந்திருக்கிறது.

அப்பத்தா பல் பிடுங்கிவிட்டு வந்த பிறகுதான் எங்கள் குடும்பத்தில் பாதி வேதத்தில் சேர்ந்தது. அக்காவை அந்தப் பாதியில் கட்டிக்கொடுத்தோம். அக்கா மகள் நன்றாகப் படிப்பவள். பல் டாக்டர் ஆகவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அப்பத்தா கதை கேட்டு வளர்ந்தவள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து தலித்துதான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவ தலித்துக்குத் திறக்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைக் காரணம் காட்டாதே என்று பரிந்துரைத்ததும் காகிதமாகவே கிடக்கிறது. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர். ஊரில் எங்களைப் பார்க்கிற கண்ணுக்கு மட்டும் ஞானஸ்நானம் தெரிவதே இல்லை.

2017இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மேல் நீட் வந்து விழுந்தது. அரியலூர் அனிதாவை அந்த ஆண்டுதான் பறிகொடுத்தோம். 2020இல் அரசுப்பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது பல் மருத்துவத்துக்கும் சேர்த்தே வந்தது. நல்ல காரியம். அக்கா மகள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அந்தக் கணக்கில் அவள் வரமாட்டாள். எந்தக் கதவுக்கும் பொருந்தாத பிள்ளை.

இப்போது மதுரையில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் உதவியாளாக இருக்கிறாள். டாக்டர் கை நீட்டினால் எந்தக் கொறடு என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பாளாம். நோயாளி எழுந்து போனதும் துப்பிய தொட்டியைக் கழுவுவதும் அவள்தான். போன மாதம் கேட்டாள்: "சித்தி, கொறடு பேரு எல்லாம் எனக்குத் தெரியும். எந்தப் பல்லுக்கு எதுன்னும் தெரியும். பிடிக்க மட்டும் விடமாட்டாங்க."

மிஷன் காலம் நமக்கு விட்டுப்போன கணக்கு இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நம் வாய்க்குள் கை வந்தது. அது உண்மை, அதை மறக்கமாட்டோம். வந்த கை திரும்பிப் போகும்போது கருவியையும் கையோடு கொண்டுபோனது. கீழவெளி வீதியில் அந்தப் பழைய மிஷனின் வாரிசாகிய தென்னிந்தியத் திருச்சபைக்கு இன்று பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அதன் வாசலைக் கடந்துதான் எங்கள் பிள்ளை தினமும் பஸ் பிடிக்கிறாள்.

அப்பத்தா இப்போது இல்லை. இருந்தால் நூற்றுக்கு நெருக்கமான வயது. உங்கள் சேரியிலும் இப்படிக் கிழவிகள் இருப்பார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கியவர்கள், பிள்ளை பெற்றவர்கள், கிண்ணம் கழுவியவர்கள். மிஷன் அறிக்கையில் அவர்கள் ஓர் எண்ணிக்கை. உட்கார்ந்து கேளுங்கள், பெயரோடு, ஊரோடு எழுதி வையுங்கள். அவர்கள் வாயைத் திறந்தால்தான் நமக்கு வரலாறு. கேட்டு எழுதும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: உன் வாயைத் திறந்து பார்த்தார்களே ஆத்தா, உன் பேத்தி யார் வாயைத் திறந்து பார்க்கிறாள்?